உள்ளூர் பேண்டுகளின் இரவு: முதல்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சென்னையில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிதாரும் ட்ரம்ஸுமாக மேடையேறும் நிகழ்ச்சிகளுக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. நின்று கேட்க வரும், அவ்வளவுதான். ஆபீஸிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

இது லைட் மியூசிக் கச்சேரி மாதிரிதானே?

இல்லை. மெல்லிசைக் குழு சினிமாப் பாட்டை ரெக்கார்டில் இருப்பது போலவே வாசிக்க வேண்டும். அச்சு அசலாக வந்தால் கைதட்டல், ஒரு புல்லாங்குழல் பிட்டு விட்டுப்போனால் முன்வரிசை மாமா முகம் சுளிப்பார். அது ஒன்றும் லேசான வேலை இல்லை. இங்கே ஒப்பிட்டுப் பார்க்க ரெக்கார்டே கிடையாது. நீங்கள் கேட்கப்போவதில் முக்கால்வாசிப் பாட்டு இதுவரை உங்கள் காதில் விழாதது.

ஒரு இரவில் மூன்று அல்லது நான்கு பேண்டுகள் வாசிக்கும். ஒவ்வொன்றுக்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அதை 'செட்' என்பார்கள். மொத்த நிகழ்ச்சிக்கு 'கிக்' என்று பெயர். ("கிக்குக்குப் போறேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய என் மச்சான் பட்ட பாடு தனிக்கதை.)

இதெல்லாம் இப்போது வந்த மோகமா?

ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன்பே இந்த ஊரில் பேண்டில் கீபோர்டு வாசித்தவர். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'ரூட்ஸ்', அப்புறம் அவரே தொடங்கிய 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. ஆகவே பழைய சங்கதிதான்.

ரொம்ப நாள் இது கல்லூரி வளாகங்களை ஒட்டியே நடந்தது. ஐ.ஐ.டி.யில் ஜனவரியில் நடக்கும் சாரங் விழாவில் பேண்டு போட்டி, திறந்தவெளி அரங்கத்தில் ராக் இரவு. அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்ற இளைஞர் மையம் நடத்திய ஜூன் ராக் அவுட் விழாவில் மேடை பயம் தெளிந்தவர்கள் பல பேர். 2006இல் ஸ்க்ராட், 2012இல் தி எஃப்16ஸ் என்று ஆங்கிலத்தில் பாடும் பேண்டுகள் வெளியூர்களிலும் பெயர் எடுத்தன. தமிழில் லா பொங்கல், குரங்கன், ஊர்கா என்று ஒரு வரிசை வந்தது. லா பொங்கலின் தர்புகா சிவா, ஊர்காவின் பரத் சங்கர் இருவரும் பின்னால் சினிமா இசையமைப்பாளர்கள் ஆனார்கள். சினிமா இங்கே ஒரு பெரிய காந்தம், யாராக இருந்தாலும் ஒருநாள் இழுத்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்த உலகத்தின் கதவை அகலத் திறந்தது 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முறை மேடையேறிய நாள் அது. சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு, 19 பேர். பெயருக்கு வித்து, அயோத்திதாசப் பண்டிதர் எழுதிய சாதியற்ற தமிழர் என்ற சொல். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில், பாட்டுகள் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும். அதுவரை ராக் என்றால் அடையாறு, நுங்கம்பாக்கம் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று வடசென்னை நினைத்ததில் தப்பில்லை. அதற்குப் பிறகு வந்த பேண்டுகளில் பறையோ சட்டி மேளமோ இருந்தால் யாரும் அதை 'ஃப்யூஷன்', அதாவது கலப்பிசை, என்று விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

எங்கே நடக்கும்? எப்படித் தெரிந்துகொள்வது?

பேண்டின் இன்ஸ்டாகிராம் பக்கம்தான் ஒரே நம்பகமான நோட்டீஸ். ஒரு பேண்டைப் பின்தொடர்ந்தால், அவர்களோடு மேடையைப் பகிரும் மற்ற மூன்று பேண்டுகளும் தானாக வந்து சேரும்.

இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஹோட்டல் பார்கள், மொட்டைமாடி காபி கடைகள், வேளச்சேரி மால் முற்றம், எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்று எதுவும் மேடை ஆகலாம். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் உள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் பக்கம் ஜூன் 21ஐ ஒட்டி ஒரு கண் வைத்திருங்கள். 1982இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாளை இங்கேயும் கொண்டாடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது நல்ல இடம், வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிப் போகலாம்.

டிக்கெட் எவ்வளவு?

நான் கொடுத்தது பெரும்பாலும் 300க்கும் 500க்கும் நடுவில். நிறைய டிக்கெட் 499 ரூபாயில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 500 ரூபாய் வரையுள்ள இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு மேலே போனால் உண்டு. பார்களில் சில சமயம் டிக்கெட்டுக்குப் பதில் 'கவர் சார்ஜ்' வாங்குவார்கள். அந்தப் பணத்துக்குச் சாப்பாடு, குடிக்க ஏதாவது வாங்கிக் கழித்துக்கொள்ளலாமா என்று உள்ளே போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எட்டு மணி என்று போட்டிருக்கிறார்கள். எட்டுக்குப் போகணுமா?

எட்டுக்குப் போங்கள். எட்டு மணி நிகழ்ச்சி எட்டே முக்காலுக்குத் தொடங்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் போங்கள்.

காரணம் முதல் பேண்டு. வரிசையில் பெயர் பெரிய பேண்டு கடைசியில் வரும், ஆரம்பத்தில் வாசிப்பவர்களுக்கு அதுவே இரண்டாவதோ மூன்றாவதோ மேடையாக இருக்கும். எதிரே இருபது பேர் நிற்பார்கள், அதில் பன்னிரண்டு பேர் அவர்கள் வகுப்புத் தோழர்கள். மிச்சம் எட்டு பேரில் நீங்கள் ஒருவர். பாட்டு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். தோழர்கள் எப்படியும் கத்துவார்கள் என்று தெரியும், அதனால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று. எஃப்16ஸுக்கும் ஊர்காவுக்கும் கூட இப்படி ஒரு இருபது பேர் ராத்திரி இருந்திருக்கும்தானே. அதை நேரில் கண்டவன் என்று பின்னால் பீற்றிக்கொள்ள வேண்டும் என்றால் எட்டு மணிக்கே வரவேண்டும்.

தெரியாத பாட்டை எப்படி ரசிப்பது?

நான் முதலில் ட்ரம்ஸையும் பேஸையும் மட்டும் கேட்பேன். பேஸ் என்பது நான்கு தடித்த கம்பி உள்ள கிதார். காதை விட நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒட்டி வாசித்தால் மற்றவர்கள் எவ்வளவு தடுமாறினாலும் பாட்டு விழாது. அவர்கள் பிரிந்தால், லீட் கிதாரிஸ்ட் எத்தனை பறந்தாலும் பாட்டு நொண்டும்.

இரண்டாவது சரணம் வரும்போதுதான் வரிகளுக்குக் காது கொடுப்பேன். முதல் தடவை 'என்ன சொன்னான்?' என்று தோன்றிய வரி, இரண்டாவது தடவை வரும்போது உங்கள் வாயில் இருக்கும். இருந்தால் நல்ல பாட்டு. வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

தமிழ்ப் பிள்ளைகள் ஏன் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்? பந்தாவா?

கொஞ்சம் பந்தா இருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு நிஜமான சிக்கலும் இருக்கிறது, அதைப் பலரும் கண்டுகொள்வதில்லை.

ஆங்கிலத்தில் ஒரு அசையை இழுத்துப் பாடினாலும் பெரும்பாலும் சொல் மாறாது. 'லவ்' என்பதை எட்டு நொடி இழுத்தாலும் அது 'லவ்'தான். ராக் மெட்டுகள் ஆங்கில அசைகளின் அழுத்தத்தின் மேல் கட்டப்பட்டவை. தமிழில் குறில், நெடில் என்று அளவு இருக்கிறது. குறிலை இழுத்தால் வேறு சொல் பிறந்துவிடும். கல் கால் ஆகிவிடும், வரம் வாரம் ஆகும், படு பாடு ஆகும். ஒரு பையன் உருகி உருகி "என் மனம் போனதே" என்று பாடினான். மெட்டு 'மனம்' என்பதன் முதல் எழுத்தில் நீண்டு நின்றது. கேட்டவர்கள் காதில் விழுந்தது, "என் மானம் போனதே". கூட்டம் சிரித்தது, அவனுக்கு ஏன் என்று கடைசி வரை புரியவில்லை.

நம்முடைய பழைய மெட்டமைப்பாளர்கள் நெடிலிலோ சொல்லின் கடைசியிலோ இழுப்பார்கள். கானா பாடகர்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. அவர்கள் இழுப்பது பெரும்பாலும் அடியின் ஓரத்தில்தான், நடுவில் வார்த்தைகள் மளமளவென்று பேச்சு வேகத்தில் ஓடும். கேட்டது முழுக்க ஆங்கில ராக் என்று வளர்ந்த பிள்ளை, முதலில் மெட்டைப் போட்டுவிட்டுப் பிறகு தமிழை அதில் திணிக்கிறான். இடிக்கும். கபேர் வாசுகியின் பாட்டுகளைக் கேட்டால் அது இடிக்காமல் இருப்பது தெரியும். பேசுவது போலவே பாடுவார், பேச்சு எங்கே நீளுமோ அங்கேதான் மெட்டும் நீளும்.

ஆகவே ஆங்கிலத்தில் பாடுகிறவர்களை நான் திட்டுவதில்லை. தமிழில் பாடித் தப்பு விடுகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கைதட்டுவேன்.

சிலர் பாட்டே பாடாமல் தப்பித்துவிடுகிறார்கள். ஜடாயு என்ற சென்னை பேண்டின் ராகமும் ஜாஸும் கலந்த வாத்திய இசையைக் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் "ஒரு ராஜா பாட்டு போடுங்கப்பா" என்று கத்தலாமா?

கத்தாதீர்கள். எல்லா நிகழ்ச்சியிலும் ஒருவர் கத்துவார், அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். பெரும்பாலான பேண்டுகள் ஒன்றிரண்டு கவர், அதாவது பிறர் பாட்டைத் தங்கள் பாணியில் மாற்றி, வைத்திருப்பார்கள். கூட்டம் தளரும்போது எடுத்துவிடுவார்கள். அந்த நேரம் அறையில் எல்லாச் செல்போனும் மேலே எழும்பும். அடுத்து அவர்கள் சொந்தப் பாட்டைத் தொடங்கும்போது எல்லாம் இறங்கும். மேடையிலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறர் பாட்டைப் பொது மேடையில் பாட உரிமம் வேண்டும் என்பதும் சட்டம். 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் அதை வழங்குகிறது. இது நிகழ்ச்சி நடத்துபவரின் தலைவலி, நமக்கு வேண்டாம்.

ஒரு பேண்டுக்கும் அடுத்த பேண்டுக்கும் நடுவில் இருபது நிமிஷம் என்னதான் செய்கிறார்கள்?

வயரைப் பிடுங்கி வேறு வயரைச் சொருகுகிறார்கள். ட்ரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பொதுவாக ஒரே செட்தான், எல்லா பேண்டும் அதையே பயன்படுத்தும். ஆனால் ட்ரம்மர் தன் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளையும், பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் பெடலையும் சொந்தமாகக் கொண்டுவருவார். கிதாரிஸ்ட் காலடியில், கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்கள் அடுக்கிய பலகையை விரிப்பார். அதில் ஒரு சின்ன வயர் போயிருந்தாலும் சத்தம் வராது, எந்த வயர் என்று தேடும்போது அவர் முகம் தேர்வு எழுத வந்து பேனா மறந்தவன் முகம் மாதிரி இருக்கும்.

பாடகர் சுருதி விலகிப் பாடினார். இவ்வளவுதானா இவர்கள்?

அவசரப்படாதீர்கள். நீங்கள் கேட்பது மக்களைப் பார்த்து வைத்த பெரிய ஸ்பீக்கரை. பாடகர் கேட்பது காலடியில் அவரைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் என்ற ஸ்பீக்கரை. அதில் அவர் குரல் சரியாக வரவில்லை என்றால், பின்னால் ட்ரம்ஸ் இடிக்கும் இடியில் தான் பாடுவது தனக்கே கேட்காது. காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பாருங்கள், தெரியும். பாடகர் பாட்டின் நடுவே சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்து விரலை மேலே மேலே காட்டினால் "என் குரலைக் கூட்டுங்கள்" என்று அர்த்தம். மானிட்டரை அளவுக்கு மேல் கூட்டினால் அந்தச் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் வீல் என்று ஊளையிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் பாட வேண்டும்.

சாயங்காலம் காலி அறையில் சவுண்ட் செக் செய்தது இரவு கூட்டம் வந்ததும் மாறிவிடும். நம் உடம்பும் உடுப்பும் சத்தத்தை, முக்கியமாக மேல்ஸ்தாயிச் சத்தத்தை, உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எந்தப் பேண்டின் முதல் பாட்டையும் வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை.

சொதப்பலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மொட்டைமாடி நிகழ்ச்சியில் பாட்டின் பாதியில் கரண்ட் போய்விட்டது. கிதார், பேஸ், கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் செத்தன. ட்ரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம் அல்லவா, அந்தப் பெண் நிறுத்தாமல் வாசித்தாள். பாடகன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் குரலில் தொடர்ந்தான். அதுவரை இரைச்சலில் புரியாத வரிகள் அப்போதுதான் கேட்டன. காதல் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவன் தாத்தாவின் டி.வி.எஸ். 50 பற்றிய பாட்டு. தாத்தா போன பிறகும் அதை விற்க மனமில்லாத பாட்டியைப் பற்றியது. ஜெனரேட்டர் வந்து கிதார் திரும்ப முழங்கியபோது, எனக்கு என்னவோ, இன்னும் ஒரு நிமிஷம் வராமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

எங்கே நிற்பது?

சவுண்ட் இன்ஜினியர் எல்லா ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்சர் மேசைக்கு முன்னால். அவர் காதுக்கு நன்றாக இருப்பது போலத்தான் எல்லாம் அமைக்கிறார். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்பவர்கள் மறுநாள் போனில் "ஆங்? ஆங்?" என்பார்கள்.

காது கெட்டுப்போகாதா?

போகும், கவனமில்லாவிட்டால். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. மூன்று டெசிபெல் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். அப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடம்தான். உலக சுகாதார அமைப்பு 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபெல். சின்ன அறையில் ட்ரம்ஸ் மட்டுமே அதைத் தொட்டுவிடும்.

மருந்துக்கடையில் நுரை இயர்பிளக் கிடைக்கும். உருட்டி மெல்லிசாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் சொருகி, விரிகிற வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சு வேலைக்கு ஆகாது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் பெரிய காதுமூடி கட்டாயம்.

குடித்தே ஆகணுமா?

யாரும் கேட்கமாட்டார்கள். நான் லைம் சோடா ஆள். ஆனால் பாரில் நடந்தால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். மேடையில் வாசிக்கிற பையனுக்கே 19 வயசு என்பதால் அவனை உள்ளே விட வாசலில் பஞ்சாயத்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

இதை என் அக்கா பொண்ணிடம் கேட்டேன், என்னை விட அதிகமாகப் போகிறவள். அவள் சொன்னது: "மாமா, உள்ள பிரச்னை கம்மி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வெளிய வந்து ஆட்டோவுக்கு நிக்கிற பத்து நிமிஷம்தான் கஷ்டம்." அதனால் அவள் உள்ளேயிருந்தே வண்டி புக் பண்ணி, வாசலுக்கு வந்த பிறகுதான் வெளியே வருவாள். கூட்டம் இடித்துத் தள்ளி ஆடும் கனத்த ராக் என்றால் ஓரமாக நிற்பாள். ஆடவேண்டும் என்று தோன்றினால் நடுவில்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

சில இடத்தில் டிக்கெட் வசூலில் பங்கு, சில இடத்தில் மொத்தமாக ஒரு தொகை, புது பேண்டு என்றால் சில சமயம் பிரியாணியும் நன்றியும். வருவதை நான்கைந்து பேர் பிரிக்க வேண்டும். அதற்கு முன் ஜாம் ரூம் என்கிற ஒத்திகை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்தாயிற்று, கிதார் கம்பி வாங்கியாயிற்று, ட்ரம்மர் ஆட்டோவுக்குத் தனியாக அழுதாயிற்று. ஆன்லைனில் பாட்டை ஒரு தடவை கேட்டால் அவர்களுக்குப் போவது சில பைசா.

உதவ வேண்டும் என்றால் வாசலில் டி-ஷர்ட் விற்றால் ஒன்று வாங்குங்கள். "நான் பேண்டோட ஃப்ரெண்டு" என்று ஓசியில் நுழையாதீர்கள், ஃப்ரெண்டு என்றால் அவன்தான் முதலில் காசு கொடுக்க வேண்டும். முடிந்ததும் அவர்களிடம் போய், எந்த வரி பிடித்தது என்று சொல்லுங்கள். 'சூப்பர் ப்ரோ' என்பது அவர்கள் காதில் ஏறுவதே இல்லை.

வீடியோ எடுக்கலாம். ஒரு பாட்டு போதும்.

என் பையன் பேண்டு ஆரம்பிக்கிறேன் என்கிறான். என்ன செய்ய?

அவனோடு ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். பையன் பொறியியல் படிப்பை விடப்போகிறானா என்று என்னிடம் கேட்பதை விட, அவன் நண்பர்கள் எத்தனை மணி நேரம் ஒத்திகை பார்க்கிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842இலிருந்து வாத்தியம் விற்கிறது, அங்கே தலைமுறை தலைமுறையாக அப்பாக்கள் இதே முகத்தோடு நின்றிருப்பார்கள். ட்ரம்ஸ் என்று சொன்னால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்கு முடியும்? எப்படித் திரும்புவது?

திறந்தவெளி என்றால் பத்து மணிக்குக் கட்டாயம் முடித்துவிடுவார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கமாக இருந்தால் இன்னும் நீளும், அங்கேதான் சிக்கல். கடைசி மெட்ரோ இரவு 11 மணி வாக்கில். கடைசி பேண்டு தன் கடைசிப் பாட்டைத் தொடங்குவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். நான் இதுவரை ரயிலைத்தான் விட்டிருக்கிறேன்.

பசித்தால் தெருவோரக் கையேந்தி பவனில் கொத்து பரோட்டாவும் கலக்கியும் கிடைக்கும். இரும்புக்கல்லில் கொத்துகிற தாளத்தை, இயர்பிளக்கைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வீட்டுச் சாவியை மறக்காமல் எடுத்துப் போங்கள், வரும்போது எல்லாரும் தூங்கியிருப்பார்கள்.